கதவுநிலைக் கோடுகள்

என் டிங்கரிங் பட்டறைக் கதவுநிலையில்
இடப்பக்கம் மகள் டெல்ஃபின் வளர்ந்த கோடுகள்.
வலப்பக்கம்
நான் ஒடுக்கெடுத்த பிக்கப்புகளின் மூக்குயரம்.
விளையாட்டாய்த் தொடங்கியதுதான்.
ஓக்லஹோமாவின் இந்த மேற்குக் கோடியில்
காற்று மட்டும் வேலை செய்யும் மத்தியானங்களில்
பென்சிலும் கையும் சும்மா இருக்காது.

முதல் கோடு எழுபத்தொன்பது.
ஓர்வில் பெங்க்ஸ்டனின் பச்சை வண்டி.
அதன் பானெட்டில் முழங்கை ஊன்றி
மூன்று பேர் சோள விலை பேசுவோம்.
சக்கரத்துக்கு முன்னால் கோழி மேய்ந்தால்
இருக்கையிலிருந்தே தெரியும்.
ஓர்வில் திட்டுவான்.
கோழி நிமிர்ந்து அவனைப் பார்க்கும்.
கண்ணாடியோரத் தூண் என் இரண்டு விரல் அகலம்.

இப்போதைய தூணுக்குப் பின்னால்
ஓர் ஆள் முழுசாய் நின்று சிகரெட் பிடிக்கலாம்.
கவிழ்ந்தால் கூரையைத் தாங்கும் தூண் அது,
ஒத்துக்கொள்கிறேன்.
ஓர்வில் கவிழ்ந்த இரவில்
அப்படியொன்று இருந்திருந்தால்
இன்றும் கோழியைத் திட்டிக்கொண்டிருப்பான்.

தொண்ணூற்று நான்கில்
இரண்டு பக்கக் கோடும் ஒரே மட்டம்.
டெல்ஃபினுக்கு ஐந்து வயசு.
அடுத்த வருஷம் அவள் தாண்டினாள்,
"ஜெயிச்சுட்டேன்" என்று
பட்டறையைச் சுற்றி ஓடினாள்.
ஐந்தடி ஓர் அங்குலத்தில் நின்றும் விட்டாள்.
வண்டி நிற்கவில்லை.
வலப்பக்கக் கடைசிக் கோடு
இப்போது அவள் கழுத்துக்கு வருகிறது.

ஒடுக்குகளும் இடம் மாறிவிட்டன.
அன்று மான் அடித்தால்
பானெட் மேல் உருண்டு கண்ணாடியை உடைக்கும்,
மடியில் வந்து விழாத குறை.
இன்று கிரில்லோடு முடிந்துவிடுகிறது.
"என்னமோ பட்டுச்சு வெர்லின்,
என்னன்னுதான் தெரியல" என்கிறார்கள்.

டாய்ஸ் ஹாமர்லியும் அப்படித்தான் சொன்னான்.
"மேல உக்காந்தா எல்லாம் தெரியுது."
பொய்யில்லை. நானும் ஏறிப் பார்த்தேன்.
பன்னிரண்டு மைலுக்கு அப்பால்
தானியக் கிடங்கின் உச்சி தெரிந்தது.
பம்பருக்கு அடியில் சிவப்புப் பெயின்ட் தீற்றல்.
ஓர் இடுக்கில் ரோஸ் நிற நைலான் நாடா,
மூன்று சக்கர சைக்கிளின் கைப்பிடியில் தொங்குமே, அது.

சுத்தியலை எடுக்காமல்
அவன் மனைவிக்குப் போன் செய்தேன்.
"சைக்கிள் மட்டும்தான்" என்றாள்.
பிறகு இரண்டு பேருமே
போனை வைக்காமல் இருந்தோம்.

பெயின்ட் அடித்த மறுநாள்
வண்டியை வெயிலுக்கு நகர்த்த ஏறினேன்.
முன்பக்கக் கேமராவின் கண்ணை
நானே காகித டேப்பால் ஒட்டியிருந்தேன்.
திரை கறுப்பு.
வாசல் காலி, வானம் காலி.
கியர் போட்டேன்.

தட்.

பானெட் விளிம்பில்
பத்து விரல்கள் எழுந்தன.
அப்புறம் நெற்றி.
அப்புறம் டெல்ஃபின்,
சாப்பாட்டோடு வந்தவள்,
கீழே விழுந்த முள்கரண்டியைக் குனிந்து பொறுக்கியவள்.

பிரேக்கிலிருந்து என் கால் வரவே இல்லை.
கதவைத் திறந்து அவள்தான் சாவியைத் திருப்பினாள்.
ஈரம் காயாத பெயின்டில் அவள் உள்ளங்கைகள்,
அவள் கைகளில் டாய்ஸின் வெள்ளி நிறம்.
"அளக்கணும்னா
சொல்லியிருக்கலாமே அப்பா."

சிரிப்பது போலத்தான் சொன்னாள்.
கை துடைத்துவிட்டுப் பென்சிலைக் கொண்டுவந்தாள்.
கதவுநிலையில் முதுகைச் சாய்த்து
முன்பு குனிந்த அளவுக்கே மடங்கி
"போடு" என்றாள்.

போட்டேன்.
இடப்பக்கம்,
ஐந்து வயசுக் கோட்டுக்கு
இரண்டு விரல் கீழே.
வருஷம் எழுதினேன்.
வயசை எழுதக் கை வரவில்லை.

மூன்றாம் நாள் டாய்ஸ் வந்தான்.
கைரேகைகளுக்காக மறுபடி அடித்த பெயின்டுக்கு
நான் பணம் கேட்கவில்லை.
ஏன் என்று கேட்டான்.
கதவுநிலைக்குக் கூட்டிப்போய்
அந்தக் கோட்டைக் காட்டினேன்.
குனிந்து பார்த்தான்.
குனிந்தபடியே இருந்தான்.